கைமாறி வந்த லிஃப்ட்

படக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அக்காவின் கணவர். கேலிக்கு வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. வீடு விற்கும் நிறுவனங்களுக்காகக் காலி வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, அகலமான லென்ஸைப் போட்டு, கைக்குட்டை அளவு அறையைக் கூடம்போலக் காட்டிவிடுவாள். "இவ எடுத்தா எங்க வீட்டுக் குளியலறையில ஃபுட்பால் ஆடலாம்" என்பார் அத்தான்.

அது வயிற்றுப்பாட்டுக்கு. விடுமுறை நாட்களில் வேறு வேலையாகக் கிளம்பிவிடுவாள். ஊருக்குப் பொதுவான, காலம் கடந்துபோன இயந்திரங்களைத் தேடித் தேடிப் படம் எடுப்பாள். எத்தனை தடவை அமுக்கினாலும் சிவப்பு மாறாத, சாலை கடக்கிறவர்களுக்கான பொத்தான். காசை விழுங்கிவிட்டுச் சீட்டுத் தராத ரயில் நிலைய இயந்திரம். மருத்துவமனையில் எட்டும் மூன்றும் ஒரே மாதிரி எரியும் டோக்கன் பலகை. அதன் கீழே எப்போதும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் அவளுக்கு அவை அழகாகத் தெரிந்தன, அவ்வளவுதான். ஊரார் விரலெல்லாம் பட்டுத் தேய்ந்த பித்தளைக்கு ஒரு மினுக்கம் உண்டு.

அவளை யோசிக்க வைத்தது ஒரு நட்சத்திரம். ஆலைகள் இருக்கும் பக்கத்துக் கடைசி ரயில் நிலையத்தில் சீட்டு இயந்திரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். காசு போடும் துவாரத்துக்குப் பக்கத்தில் யாரோ ஆணியால் கோணல்மாணலாக ஒரு நட்சத்திரம் கீறியிருந்தார்கள். எங்கேயோ பார்த்த நட்சத்திரம். வீட்டுக்கு வந்து பழைய படங்களைக் கிளறினாள். சில வருடங்களுக்கு முன், மரங்களும் பெரிய பங்களாக்களும் நிறைந்த மேட்டுப் பகுதியின் ரயில் நிலையத்தில் எடுத்த படத்தில் அதே இயந்திரம், அதே நட்சத்திரம். அங்கே புதிது வந்ததும் இதைக் கழற்றி இங்கே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் படுவதெல்லாம் அதுவாகவே இருந்தது. தெருவிளக்கு, பேருந்து, பள்ளிக்கூடக் கணினி, மருத்துவமனை எக்ஸ்ரே இயந்திரம் என்று மேட்டுப்பக்கம் உடுத்திக் களைந்ததைப் பள்ளத்துப்பக்கம் உடுத்திக்கொண்டிருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னாள்.

"சின்ன வயசுல உன் சட்டையெல்லாம் எனக்கு வந்துச்சே, அந்த மாதிரிக்கா."

"வந்தா என்ன? கிழிஞ்சதையா கொடுத்தேன்? பொத்தான் தெச்சு, துவைச்சு மடிச்சுத்தானே கொடுத்தேன்" என்றாள் அக்கா.

அக்கா ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷினில் வேலை பார்த்தாள். வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்பில், ஏழாம் மாடியில் வீடு. அத்தான் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். சர்க்கரை நோயில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்றக் காலிலும் ஆறாத புண். வாரா வாரம் மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் சக்கர நாற்காலியோடு கீழே இறங்கி, பேருந்து நிறுத்தத்தில் பழைய சகாக்களோடு வாயடித்துவிட்டு வருவார். அந்தக் குடும்பத்துக்கு லிஃப்ட் என்பது வாசற்படி மாதிரி.

அந்த லிஃப்டின் கம்பிக் கதவைக் கையால் இழுத்து மூட வேண்டும். பாதியில் சிக்கிக்கொண்டால் கீழே ஒரு உதை. உள்ளே மூன்றாம் மாடிக்கான பொத்தான் இல்லை. மூன்றாம் மாடிக்காரர்கள் நான்கில் இறங்கி நடந்து வந்தார்கள். ஒருநாள் படக்காரி உள்சுவரில் பச்சைப் பெயிண்டுக்கு அடியில் எழுத்துகள் புடைத்திருப்பதைக் கவனித்து நகத்தால் சுரண்டினாள். பித்தளைத் தகடு. 'வீட்டுவசதி வாரியத் தலைமை அலுவலகம்' என்று பொறித்திருந்தது. அதிகாரிகள் பல வருடம் ஏறி இறங்கிய லிஃப்ட். அங்கே புதிது போட்டதும் பழையதை இங்கே அனுப்பிவிட்டார்கள்.

"இதைப் படம் எடுக்கப் போறேன்க்கா."

"எடுத்துக்கோ. ஆனா என் மூஞ்சி அதுல விழக் கூடாது."

விழவில்லை. சந்தைப் பைகளோடு கம்பிக் கதவை இழுத்துக்கொண்டிருக்கும் அக்காவைப் பின்னாலிருந்துதான் எடுத்தாள். பக்கத்தில் பித்தளைத் தகடு பளிச்சென்று தெரிந்தது. காவலாளியிடம் கேட்டு, மொட்டைமாடியில் லிஃப்ட் இயந்திரம் இருக்கும் அறைக்கும் போய் இருட்டில் ஃபிளாஷ் போட்டுக் கொஞ்சம் எடுத்தாள். அவை தேறாது என்று ஒதுக்கிவிட்டாள்.

பொது நூலகத்துக் கூடத்தில் அவளுடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். வந்த செய்தித்தாள்காரர் ஒருவருக்கு லிஃப்ட் படம் பிடித்துப்போயிற்று. மறுநாள் அது பெரிதாக அச்சில் வந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'அதிகாரிகள் இறங்கினார்கள், ஏழைகள் ஏறினார்கள்'.

முகம் இல்லாவிட்டால் என்ன? அக்காவின் கட்டம் போட்ட பை தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். மதியமே அக்காவிடமிருந்து போன் வந்தது.

"நான் ஏழைன்னு உன்கிட்ட வந்து அழுதேனா?"

"அக்கா, அந்தத் தலைப்பை நான் எழுதல…"

"சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டுறாரு. நாங்க யார்கிட்டயும் கைநீட்டாம வாழறோம்டி. நீ மேட்டுக்குப் போயிட்ட, சந்தோஷம். அங்கிருந்து எங்களைக் குனிஞ்சு பார்த்துப் படம் எடுக்காத."

வைத்துவிட்டாள். அது முதல் அடி. இரண்டாவது அடி மறுநாள் விழுந்தது. வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து, மேலேயும் பார்க்காமல் கீழேயும் பார்க்காமல், லிஃப்டின் கதவில் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்று ஒரு தாள் ஒட்டினார்கள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டவர்களிடம் ஒருவர் சொன்னாராம்: "பேப்பர்ல போட்டீங்கல்ல? இனி பேப்பரையே கேளுங்க."

படக்காரி விஷயம் தெரிந்து ஓடிவந்தபோது, கீழ்த்தளத்து வீட்டு மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே வழிமறித்தாள்.

"வாங்க. எங்களைப் படம் எடுத்துப் பிரபலம் ஆக்கினவங்க நீங்கதானே? எல்லாரும் படியேறிக்கிட்டு இருக்காங்க, போய் அதையும் எடுங்க."

ஏழு மாடி ஏறினாள். வழியில் நான்காம் மாடிப் பெரியவர் ஒருவர் சந்தைப் பையைப் படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் வைத்தாள். அவள் யாரென்று தெரியாமல் அவர் நன்றி சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

அக்கா கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான்தான் பேசினார்.

"உங்க அக்கா கோபம் ரயில் மாதிரி. வரும், நிக்கும், போயிடும். கால்தான் எனக்குக் கவலை. இந்த வாரம் கட்டு மாத்தப் போக முடியல."

"தூக்கிட்டுப் போலாமே அத்தான்?"

"தூக்கினாங்களே. ஆறாம் மாடி திரும்பறதுக்குள்ள என்னை ரெண்டு தடவை சுவத்துல மோதிட்டாங்க. பொணத்தைத் தூக்கற மாதிரி தூக்காதீங்கப்பா, நான் இன்னும் உயிரோட இருக்கேன்னு சொல்லித் திரும்பி வந்துட்டேன்." சிரித்தார். புண்ணின் கட்டிலிருந்து ஒரு வாடை வந்துகொண்டிருந்தது.

படக்காரி வாரியத்து அலுவலகத்துக்கு அலைந்தாள். கடைசியில் ஒரு பொறியாளர் அவளை உட்காரச் சொல்லிப் பேசினார். கெட்டவர் இல்லை, சோர்ந்துபோனவர்.

"அம்மா, புது லிஃப்ட் வேணும்னா மேலிடத்து அனுமதி வரணும். அதெல்லாம் லேசுல ஆகாது. பழையதைத் திறக்கணும்னா ஒரு வழி இருக்கு. பேப்பர்ல வந்ததால மூடினோம். நீங்களே மெஷின் நல்லா இருக்கிற மாதிரி படங்களைக் கொடுத்து, ஓடற லிஃப்ட்தான்னு எழுதிக் கொடுங்க. நான் பேசிப் பார்க்கறேன்."

மூழ்குகிறவளுக்கு ஒரு துரும்பு கிடைத்தது. நல்ல படம் எடுப்பதுதானே அவள் தொழில்? அழுக்கு அறையை அரண்மனையாகக் காட்டியவளுக்கு ஒரு லிஃப்டை உருப்படியாகக் காட்டத் தெரியாதா?

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் கணினி முன் உட்கார்ந்து, ஒதுக்கி வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மொட்டைமாடி அறைப் படங்கள் கருப்பாக இருந்தன. வெளிச்சத்தைக் கூட்டினாள். இருட்டு விலகி, பெரிய இரும்புச் சக்கரமும் அதன் மேல் ஓடும் கம்பிக் கயிறுகளும் மெல்ல எழுந்து வந்தன. கம்பீரமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

கயிறு மழமழவென்று இல்லை. பூனைக்கு ரோமம் சிலிர்த்த மாதிரி அங்கங்கே ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குக் கீழே தரையில் செம்மண்போல ஒரு தூள். படத்தின் கோளாறோ என்று அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான்.

அவளுக்கு இயந்திரங்களின் முகம்தான் தெரியும், வயிறு தெரியாது. அவள் படம் எடுக்கும் புதுக் கட்டடங்களில் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர் பழக்கம். படத்தை அவருக்கு அனுப்பினாள். அனுப்பிக் கையை எடுப்பதற்குள் போன் வந்தது.

"இது எங்க இருக்கு?"

"வாரியக் குடியிருப்புல. ஏன்ணே?"

"இதுல யாராவது ஏறறாங்களா?"

"இப்ப மூடி வெச்சிருக்காங்க."

"அப்பாடா. மூடினவன் யாரோ, அவன் நல்லா இருக்கட்டும். முள்ளு முள்ளா நீட்டிட்டு இருக்கே, அதெல்லாம் அறுந்துபோன கம்பிம்மா. இந்தக் கயிறு ஒப்புக்குத் தொங்குது. இத்தனை நாள் இதுல ஏறி இறங்கினவங்களுக்கு ஆயுசு கெட்டி."

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைச் சொன்னால் லிஃப்ட் திறக்கவே திறக்காது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டாள். அவர் எடுத்தார், உற்சாகமாக.

"மச்சினி! உனக்கு நூறு ஆயுசு. உன்னைத்தான் நினைச்சேன். நம்ம ரெண்டாம் மாடி ஒயர்மேன் இருக்காருல்ல? முத்திரையை உடைச்சு கரண்ட் கொடுத்துட்டாரு. லிஃப்ட் ஓடுது! இதோ உங்க அக்கா எனக்குச் சட்டை போட்டு விடறா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்."

"அத்தான், ஏறாதீங்க! அந்தக் கயிறு…"

பின்னால் ஒரே கூச்சலும் கைதட்டலும். "என்ன? சரியா கேக்கல. வந்து பேசறேன்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

மெக்கானிக்கிடம் குடியிருப்பின் இடத்தைச் சொல்லி உடனே வரச் சொன்னாள். செருப்பு மாட்டினாளா இல்லையா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. தெருவில் வந்த முதல் வாடகை வண்டியில் ஏறி, "சீக்கிரம், சீக்கிரம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். மேட்டிலிருந்து இறங்கும் சாலையில் புது சிக்னல்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் பச்சை காட்டின. பாலத்தைத் தாண்டியதும் பழைய சிக்னல். சிவப்பிலேயே நின்றது. எதிரே ஒரு வண்டியும் இல்லை. ஓட்டுநர் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நடக்கறது நடக்கட்டும்" என்று தாண்டி ஓட்டினார்.

குடியிருப்பின் கீழே கூட்டம். லிஃப்ட் கூண்டு அங்கே இல்லை. மேலே போயிருக்கிறது. "யாரும் உள்ள இருக்காங்களா?" என்று கத்தினாள். "காலியாத்தான் போயிருக்கு, உங்க அத்தானை இறக்கத்தான்" என்று யாரோ சொன்னார்கள். படிகளில் பாய்ந்தாள். ஐந்தாம் மாடியில் கால் துவண்டது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினாள்.

ஏழாம் மாடியில் கம்பிக் கதவு திறந்திருந்தது. ஒயர்மேன் அதைப் பெருமையோடு பிடித்துக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் லிஃப்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தள்ளுவது அக்கா.

மூச்சு வாங்கியதில் படக்காரிக்குப் பேச வரவில்லை. ஓடிப்போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். போனை நீட்டினாள்.

"மறுபடியும் படமா?" ஒயர்மேன் வெடித்தார். "ஏம்மா, உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா? படத்தைக் காட்டித்தானே எங்களைப் படியேற வெச்சீங்க? தள்ளுங்கக்கா நீங்க."

"கயிறு… அறுந்திருக்கு… பாரு" என்றாள் படக்காரி.

"காலியா மேல வந்துச்சே, அறுந்த கயித்துலயா வந்துச்சு?" என்றார் அவர்.

அக்கா போனை வாங்கினாள். தங்கையைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தாள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். வாழ்நாள் முழுக்க நூலோடு பழகிய கண் அது. ஊசிக்கு அடியில் ஓடும் நூல் எந்த இடத்தில் நைந்திருக்கிறது, இன்னும் எத்தனை தையலுக்குத் தாங்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

நாற்காலியை ஒரே இழுப்பில் பின்னால் இழுத்தாள். அத்தான் கிட்டத்தட்ட மல்லாந்து விழப் பார்த்தார்.

"என்னடி, கவுத்துடுவ போலிருக்கே!"

"கதவைச் சாத்துங்க" என்றாள் அக்கா ஒயர்மேனிடம். "பிரிபிரியாப் போயிருக்கு. யாரும் ஏறக் கூடாது."

"உங்க தங்கச்சி சொன்னா நம்பிடறதா?"

"அவமேல எனக்கு ஆயிரம் கோபம் இருக்கும். இந்த விஷயத்துல அவ பொய் சொல்ல மாட்டா. சாத்துங்கன்னு சொல்றேன்ல!"

மெக்கானிக் வந்து சேரும்வரை அக்கா லிஃப்ட் கதவின் குறுக்கே நின்றாள். அவர் நேராக மொட்டைமாடிக்குப் போனார். ஒயர்மேனும் கூடப் போனார். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தபோது ஒயர்மேனின் நடை மாறியிருந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஊசி ஊசியாக அறுந்த கம்பித் துண்டுகள்.

"மூணு கயிறு. ரெண்டு போயே போச்சு. மூணாவதுதான் எல்லாரையும் சுமந்துட்டு இருந்திருக்கு, அதுவும் பாதிதான். அறுந்தா பிடிச்சு நிறுத்தறதுக்கு அங்கேயே ஒரு பிரேக் இருக்கும். அதுக்கு மேலயே பெயிண்ட் அடிச்சு, துரு ஏறி, அசையவே மாட்டேங்குது. காலியா வந்ததால வந்துச்சு. ரெண்டு ஆளும் ஒரு நாற்காலியும் ஏறியிருந்தா…" மேலே சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நானே இவரை ஏத்திவிட இருந்தேனே" என்றார் ஒயர்மேன். "நானே சுவிட்சைப் போட இருந்தேனே."

அத்தான் நாற்காலியை அவர் பக்கம் உருட்டிக்கொண்டு போய்த் தோளில் கை வைத்தார். "விடுப்பா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ஒரு கால்தான் இருக்குன்னு எமன் வந்து பார்த்துட்டு, முழுசா இல்லாத ஆள் நமக்கு எதுக்குன்னு திரும்பிட்டான்."

முதலில் சிரித்தது அக்காதான். சிரிப்பாகத் தொடங்கி அழுகையாக முடிந்தது. தங்கையின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு அந்தத் தலையையே இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "செருப்புகூட இல்லாம ஓடி வந்திருக்கா பாரு, லூசு" என்றாள். அப்போதுதான் படக்காரி தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

அன்று அத்தானைப் படி வழியாகவே இறக்கினார்கள். இந்தத் தடவை மெக்கானிக் பெல்ட்டும் கயிறும் கொண்டுவந்து நாற்காலியைக் கட்டும் விதம் காட்டினார். ஒயர்மேன் முன்னால், காவலாளி பின்னால், மாடிக்கு மாடி ஆள் மாறினார்கள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி பழைய நினைப்பில் நடத்துநர் மாதிரி நிறுத்தம் சொல்லிக்கொண்டே வந்தார். "ஆறாம் மாடி! இறங்கறவங்க இறங்கலாம். படியில நிக்காதீங்க, உள்ள போங்க." மூன்றாம் மாடி வருவதற்குள் தூக்குகிறவர்களும் சிரிக்க ஆரம்பித்து, நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு இளைப்பாற வேண்டியதாயிற்று. மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டொரு நாள் விட்டிருந்தால் இந்தக் காலையும் இழந்திருப்பீர்கள் என்றார். இழக்கவில்லை. புண் அதற்குப் பிறகு ஆறத் தொடங்கியது.

மறுநாள் குடியிருப்பே திரண்டு வாரியத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போனது. படக்காரி ரோமம் சிலிர்த்த கயிற்றின் படத்தைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தாள். பொறியாளரின் அறை நான்காம் மாடியில். அங்கே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் லிஃப்ட் இருந்தது. "படியில போங்க, கூட்டமா ஏறக் கூடாது" என்றார் வாசலில் இருந்தவர். "படி ஏறி ஏறிக் கால் போச்சு, ஐயா. இன்னிக்கு நாங்க லிஃப்ட்லதான் போவோம்" என்றாள் கீழ்த்தளத்து மருமகள். முறை வைத்து ஏறினார்கள். லிஃப்டுக்குள் ஒரு பெண் குரல் இனிமையாக மாடியின் எண்ணைச் சொன்னது. நான்காம் மாடிப் பெரியவர் பதறிப்போய் யாரும்மா என்று சுற்றிலும் தேடினார்.

பொறியாளர் படத்தைப் பார்த்தார். மெக்கானிக் மேசைமேல் வைத்த கம்பித் துண்டுகளைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து விரலால் உருட்டினார்.

"நல்லா இருக்கிற மாதிரி படம் கொண்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார் கடைசியில். "நீங்க கொண்டு வந்திருந்தா நான் திறந்து விட்டிருப்பேன்." எழுந்து போய் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

வாரியம் தன் அதிகாரிகளுக்காகக் கட்டிக்கொண்டிருந்த புது விருந்தினர் விடுதிக்கு ஒரு லிஃப்ட் வாங்கியிருந்தது; அது பிரிக்காத பெட்டிகளில் கிடங்கில் கிடந்தது. அதைக் குடியிருப்புக்கு மாற்றலாம் என்று பொறியாளர் எழுதினார். மேலிடம் முதலில் முடியாது என்றது. செய்தித்தாள்காரர் இரண்டாவது முறை கேள்வி கேட்டு வந்தபோது, முடியும் என்றது. விருந்தினர்கள் கொஞ்ச காலம் படியேறட்டும் என்று ஆயிற்று. வாரியத்தின் மற்றக் குடியிருப்புகளிலும் மெக்கானிக்குகள் மொட்டைமாடி அறைகளைத் திறந்து பார்த்தார்கள். இன்னும் இரண்டு இடங்களில் கயிறு மாற்ற வேண்டியிருந்தது. சீட்டு இயந்திரமும் டோக்கன் பலகையும் இருந்த இடத்தில் அப்படியேதான் இருந்தன.

லிஃப்ட் மாட்டி முடிக்கச் சில மாதங்கள் பிடித்தன. அத்தனை நாளும் அத்தான் என்ன செய்தார் என்றால், கீழ்த்தளத்தில் இருந்தார். படக்காரி தன் வீட்டுக்கு வந்து இருக்கும்படி இருவரையும் எவ்வளவோ அழைத்தாள். அக்கா பதில் சொல்வதற்குள் கீழ்த்தளத்து மருமகள் முந்திக்கொண்டாள்.

"எங்களுக்கு வயசிருக்கு, நாங்க மேல ஏறிக்கறோம். நீங்க எங்க வீட்டுல இருங்கக்கா. லிஃப்ட் வந்ததும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடலாம்." பிறகு படக்காரியிடம் திரும்பி, "அன்னிக்கு வாசல்ல நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

"வெச்சுக்கல. நீங்க சொன்னதுல என்ன தப்பு?"

"தப்பில்லதான். ஆனா சத்தமா சொல்லிட்டேன்."

புது லிஃப்ட் ஓடத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அத்தான் காலையிலிருந்தே அதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். எந்த மாடிக்குப் போகிறீர்கள் என்று கேட்டால், எங்கேயும் இல்லை என்றார். மூன்றாம் மாடிக்காரர்கள் தங்கள் பொத்தானைக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

மத்தியானம் படக்காரி வந்தாள். சாமான் வாங்கப் போயிருந்த அக்கா கீழேயே எதிர்ப்பட்டாள். இருவரும் சேர்ந்து லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். கதவு தானாக மூடியது.

"என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட? சமைக்கறியா, இல்ல ரொட்டியைத் தின்னுட்டுப் படுத்துக்கறியா?"

"சமைக்கறேன்க்கா. வேலை ஜாஸ்தி."

"என்ன பொல்லாத வேலை? காலி வீட்டைப் படம் எடுக்கறதுக்கு இவ்வளவு அலைச்சலா? இதைக் கேளு, அந்த சூப்பர்வைசருக்கு மாத்தல் வந்துடுச்சு. போற அன்னிக்கு என்கிட்ட வந்து, உங்க தங்கச்சி பெரிய ஆளாமேன்னு கேக்கறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

"என்ன சொன்ன?"

அக்கா பையைத் தரையில் வைத்துவிட்டு, அவர் நின்ற விதத்தையும் தான் நின்ற விதத்தையும் நடித்துக் காட்டத் தொடங்கினாள். படக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூப்பர்வைசர் முடிந்து, படக்காரி குடியிருக்கும் வீட்டின் வாடகைப் பேச்சு வந்து, அதற்கும் பிறகு அத்தானுக்கு வரப்போகும் செயற்கைக் காலின் பேச்சும் வந்துவிட்டது. வெளியே யாரோ பொத்தானை அமுக்கினார்கள். கதவு திறந்தது. கைக்குழந்தையோடு கீழ்த்தளத்து மருமகள் நின்றிருந்தாள்.

"மேலயிருந்து வர்றீங்களா?" என்று கேட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏறியதிலிருந்து யாருமே பொத்தானை அமுக்கவில்லை.